ஸ்கூல் சொல்றதுல உடன்பாடு இல்லையா? அமெரிக்காவுல ஸ்பெஷல் எட் பிரச்சினையைத் தீர்க்கிற வழிகள்

அமெரிக்காவுல பிள்ளைக்கு ஐஇபி, அதாவது ஸ்பெஷல் எட்ங்கிற சிறப்புக் கல்விக்காக ஸ்கூல்ல எழுதுற தனித் திட்டம், இருக்கிற நம்ம ஆட்கள் கிட்ட பேசினா ரெண்டு பேச்சுதான் திரும்பத் திரும்ப காதுல விழுது. ஒண்ணு, "டீச்சருங்க சொல்லிட்டாங்க, அவங்களுக்குத் தெரியாததா, கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டோம்." இன்னொண்ணு, "லாயர் வச்சாத்தான் நடக்குமாம், அவ்வளவு டாலருக்கு எங்க போறது, விட்டுட்டோம்." வாத்தியார் சொன்னா மறுபேச்சு பேசக்கூடாதுன்னு வளர்ந்தவங்க நாம, அதனால மொத பேச்சு எங்கேர்ந்து வருதுன்னு நல்லாவே புரியுது. ஆனா இந்த ரெண்டுக்கும் நடுவுல சட்டமே வச்சுக் குடுத்திருக்கிற வழிங்க நாலஞ்சு இருக்கு, அதுல முக்கால்வாசிக்கு ஒரு காசு செலவு இல்ல, அது தெரியாமலேயே ரெண்டு மூணு வருஷம் ஓடிப்போயிடுது, அந்த வயசு பிள்ளைக்குத் திரும்பி வராது. அதனாலதான் இதை அடியில இருந்து எழுதுறேன்.

மொதல்ல சட்டம். இண்டிவிஜுவல்ஸ் வித் டிஸபிலிட்டீஸ் எஜுகேஷன் ஆக்ட், சுருக்கமா ஐடியா. 1975ல ஜனாதிபதி ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்துப் போட்ட சட்டம், இந்தப் பேரு 1990ல வந்துச்சு. அதுக்கு முன்னாடி நிலைமை ரொம்ப மோசம், 1970ல டிஸபிலிட்டி இருக்கிற பிள்ளைங்கள்ல அஞ்சுல ஒருத்தருக்குத்தான் பள்ளிக்கூடத்துல இடம், கண்ணு தெரியாத, காது கேக்காத பிள்ளைங்களைச் சேர்க்க வேண்டாம்னு பல மாநிலங்கள்ல சட்டமே இருந்துச்சு. பென்சில்வேனியாவுலயும் வாஷிங்டன் டிசியிலயும் குடும்பங்க கோர்ட்டுக்குப் போய் 1972ல ஜெயிச்சதுக்கு அப்புறம்தான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அசைஞ்சு குடுத்துச்சு. பெத்தவங்க கேள்வி கேட்டதாலதான் இந்தச் சட்டமே பொறந்துச்சு, அதனால மீட்டிங்ல கேள்வி கேக்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்ல. இன்னிக்கு 75 லட்சத்துக்கு மேல பிள்ளைங்க இந்தச் சட்டத்துக்குக் கீழ படிக்கிறாங்க.

சட்டம் சொல்றது இதுதான்: தகுதி இருக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் செலவில்லாம, அந்தப் பிள்ளைக்குப் பொருத்தமான கல்வியைப் பப்ளிக் ஸ்கூல் குடுக்கணும், அது என்னன்னு ஐஇபிங்கிற திட்டத்துல எழுதணும், எழுதுற குழுவுல அம்மா அப்பாவும் உறுப்பினர். வந்து உக்காந்துட்டுப் போற விருந்தாளி இல்ல, உறுப்பினர். சரி, பொருத்தம்னா எவ்வளவு குடுத்தாப் போதும்? சண்டை எல்லாம் அங்கதான் ஆரம்பிக்குது. 1982ல ரௌலி வழக்குல சுப்ரீம் கோர்ட், பிள்ளைக்குக் கொஞ்சம் பிரயோஜனம் இருக்கிற மாதிரி திட்டம் இருந்தாப் போதும், உச்சபட்சமா எதுவும் குடுக்கத் தேவையில்லன்னு சொல்லுச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டு சில கோர்ட்டுங்க பேருக்கு ஏதோ முன்னேற்றம் இருந்தாலே போதும்னு விட்டுட்டாங்க. 2017ல எண்ட்ரூ எஃப் வழக்கு வந்துச்சு. கொலராடோவுல ஆட்டிசம் இருக்கிற ஒரு பையன், அவனோட ஐஇபில வருஷா வருஷம் கிட்டத்தட்ட அதே கோல்தான் (எட்ட வேண்டிய இலக்கு) திரும்பத் திரும்ப வந்துச்சு, அஞ்சாங்கிளாஸ் திட்டத்தைப் பாத்ததும் பெத்தவங்க அவனைத் தனியார் ஸ்கூலுக்கு மாத்திட்டு, அந்தச் செலவைத் திரும்பக் கேட்டாங்க. அந்தப் பிள்ளையோட நிலைமைக்கு ஏத்த முன்னேற்றம் வர்ற மாதிரி திட்டம் இருக்கணும், பேருக்கு இருந்தா பத்தாதுன்னு சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் ஒருமனதாச் சொன்னாங்க.

அதனால வீட்டுல ஒரு வேலை பண்ணுங்க. கடைசி மூணு வருஷ ஐஇபியை எடுத்து டைனிங் டேபிள்ல பக்கத்துல பக்கத்துல வைங்க. கோல்ஸ் பக்கத்தை மட்டும் திறங்க. "அஞ்சு ட்ரையல்ல நாலுல, 80 பெர்சென்ட் அக்யூரசியோட" அப்படின்னு ஒரு வரி இருக்கும். அதே வரி மூணு வருஷமும் அப்படியே இருக்கா, வருஷக் கடைசி ப்ராக்ரஸ் ரிப்போர்ட்ல "போதுமான முன்னேற்றம்"னு போட்டுட்டு அடுத்த வருஷமும் அதே கோல் திரும்ப வந்திருக்கான்னு பாத்து பென்சில்ல கோடு போடுங்க. மீட்டிங்ல நீங்க கோபப்பட்டு பேசுற பத்து நிமிஷத்தை விட அந்தக் கோடு போட்ட மூணு தாள் அதிகமாப் பேசும்.

இப்ப ஒரு உதாரணம் வச்சுக்குவோம். ரெண்டாங்கிளாஸ் பொண்ணு, வாரத்துக்கு 60 நிமிஷம் ஸ்பீச் தெரபி. வருஷாந்திர மீட்டிங்ல 30 நிமிஷமாக் குறைக்கிறோம்கிறாங்க. ஏன்னு கேட்டா, இப்ப தெரபிஸ்ட் பத்தல, எல்லாப் பிள்ளைங்களுக்கும் இப்படித்தான் பண்றோம்னு வாய்ல பதில் வருது. நம்மள்ல நிறைய பேர் இங்க தலையாட்டிட்டு வந்துடுறோம், வீட்டுக்கு வந்து ராத்திரி தூக்கம் வராம பேசிக்கிறோம். எழுதாக் கணக்கு அழுதாலும் தீராதும்பாங்க, இந்த விஷயத்துல அது நூத்துக்கு நூறு சரி. நீங்க கேக்க வேண்டியது பிரையர் ரிட்டன் நோட்டீஸ். நீங்க கேட்டதை ஸ்கூல் மறுத்தாலோ, இருக்கிறதை அவங்க மாத்த நினைச்சாலோ இந்த நோட்டீஸை எழுத்துல குடுத்தே ஆகணும், அது அவங்க மேல இருக்கிற கடமை. என்ன மாத்துறாங்க அல்லது மறுக்கிறாங்க, ஏன், எந்த டெஸ்ட், எந்த ரெக்கார்டை வச்சு முடிவு பண்ணாங்க, வேற என்னென்ன யோசிச்சாங்க, அதெல்லாம் ஏன் வேணாம்னு விட்டாங்க, இத்தனையும் அதுல வரணும். வாய்ல "ஆள் இல்ல"ன்னு சொல்றது சுலபம், அதையே லெட்டர்ஹெட்ல எழுதிக் கையெழுத்துப் போடுறது சுலபம் இல்ல, ஏன்னா பிள்ளையோட தேவையைப் பாத்துத்தான் நிமிஷத்தை முடிவு பண்ணணும், ஆள் இருக்கா இல்லையாங்கிறதைப் பாத்து இல்ல. நோட்டீஸ் கேட்டதுமே நிமிஷம் பழையபடி வந்துடுற கேஸ் நிறைய உண்டு.

மீட்டிங் முடிஞ்ச அன்னிக்கே ஒரு சின்ன ஈமெயில் போடுங்க, மரியாதையா, நாலே வரி. "இன்னிக்கு மீட்டிங்குக்கு நேரம் ஒதுக்கினதுக்கு நன்றி. ஸ்பீச் தெரபி வாரத்துக்கு 60 நிமிஷம் தொடரணும்னு கேட்டோம், 30 நிமிஷமாக் குறைக்கிறதா நீங்க சொன்னீங்க. இதுக்கு நாங்க சம்மதிக்கல. எந்த டேட்டாவை வச்சு இந்த முடிவுன்னு பிரையர் ரிட்டன் நோட்டீஸ்ல தெரிவிக்கணும்." அவ்வளவுதான். கெஞ்சலும் வேணாம், மிரட்டலும் வேணாம். நாளைக்கு இது எங்க போனாலும் மொத சாட்சி இந்த ஈமெயில்தான்.

கையெழுத்து விஷயத்துல மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம் இருக்கு, இதைக் கவனமாப் படிங்க. முதல் தடவை ஸ்பெஷல் எட் சர்வீஸ் ஆரம்பிக்க உங்க எழுத்துப்பூர்வ சம்மதம் எல்லா இடத்துலயும் வேணும். அதுக்கப்புறம் வர்ற மாத்தங்களுக்குத்தான் ரூல் மாறுது. கலிஃபோர்னியாவுல நீங்க ஒத்துக்கிற பகுதிக்கு மட்டும் சம்மதம் குடுத்துட்டு மீதியை மறுக்கலாம். நியூஜெர்சியில அப்படி இல்ல, டிஸ்ட்ரிக்ட், அதாவது அந்தப் பகுதி ஸ்கூல்களை நடத்துற நிர்வாகம், நோட்டீஸ் குடுத்து 15 நாளுக்குள்ள நீங்க மீடியேஷனோ (நடுவுல ஒருத்தரை வச்சுப் பேசித் தீர்க்கிறது) ஹியரிங்கோ (கோர்ட் மாதிரி விசாரணை) கேக்கலைன்னா அவங்க சொன்னது அமலுக்கு வந்துடும். அந்த மாநிலத்துல எடிசன் பக்கம் இருக்கிறவங்க, கையெழுத்துப் போடலையே, அதனால எதுவும் மாறாதுன்னு நினைச்சு சும்மா இருந்துடாதீங்க. டெக்சஸ்ல இந்த மீட்டிங்குக்கு ஆர்டுன்னு பேரு, அங்க ஒத்துவரலைன்னா ஒரு தடவை மீட்டிங்கை நிறுத்தி வச்சு பத்து ஸ்கூல் நாளுக்குள்ள திரும்பக் கூட வாய்ப்பு உண்டு, அந்த இடைவெளியைக் கேட்டு வாங்கிக்கோங்க. எல்லா இடத்துலயும் கையெழுத்துக்கு மேல "கலந்துகொண்டேன்"னு இருக்கா "சம்மதிக்கிறேன்"னு இருக்கான்னு பாத்துட்டுப் போடுங்க.

பிள்ளையோட நிலைமையைப் பத்தியே ஸ்கூலுக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு இருந்தா, அதாவது அவங்க டெஸ்ட் பண்ணி ஒண்ணும் இல்லைங்கிறாங்க, உங்களுக்கு நம்பிக்கை வரல, அப்ப ஐஇஇ கேக்கலாம். வெளி ஆளை வச்சுப் பண்ற இண்டிபெண்டன்ட் எவால்யூவேஷன், டிஸ்ட்ரிக்ட் செலவுல. நீங்க கேட்டதும் டிஸ்ட்ரிக்டுக்கு ரெண்டே வழிதான், காசு குடுத்து ஏற்பாடு பண்ணணும், இல்லைன்னா எங்க டெஸ்ட் சரியானதுதான்னு நிரூபிக்க அவங்களே ஹியரிங் கேக்கணும். காரணமில்லாம இழுத்தடிக்கக் கூடாது. இங்க தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு விஷயம் தனியாச் சொல்லணும். பிள்ளைக்கு வீட்டுல தமிழ்தான் நல்லா வருதுன்னா, டெஸ்ட் அந்த மொழியிலயும் இருக்கணும்னு சட்டம் சொல்லுது, அது நடைமுறையில சுத்தமா முடியாதுன்னாத்தான் விலக்கு. இங்கிலீஷ் சரியா வராதது மட்டுமே காரணமா ஒரு பிள்ளைக்கு டிஸபிலிட்டின்னு முத்திரை குத்தவும் கூடாது. மீட்டிங்ல உங்களுக்கோ, ஊர்லேர்ந்து வந்து பிள்ளையைப் பாத்துக்கிற பாட்டிக்கோ தமிழ்ல சொன்னாத்தான் புரியும்னா தயங்காம இண்டர்ப்ரட்டர் கேளுங்க, பெத்தவங்களுக்கு மீட்டிங் புரியுறதுக்கு ஏற்பாடு பண்றது ஸ்கூலோட பொறுப்பு.

விசா பயம் நிறைய பேருக்கு இருக்கு, அதையும் சொல்லிடுறேன். எச்1பி வேலை விசாவுல இருக்கோம், க்ரீன் கார்டு வரிசையில நிக்கிறோம், கம்ப்ளைண்ட் குடுத்தா ஏதாவது ஆகுமோன்னு. ஐடியா சட்டத்துல தகுதிக்கு விசா ஒரு நிபந்தனையே இல்ல. குடியேற்ற நிலையைக் காரணம் காட்டிப் பிள்ளைக்குப் பள்ளிப்படிப்பை மறுக்கக் கூடாதுன்னு 1982லயே ப்ளைலர் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. ஸ்கூல் மேல குடுக்கிற கம்ப்ளைண்ட் கல்வித் துறைக்குள்ள நடக்கிற விஷயம், உங்க வேலைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

சரி, ஈமெயில் போட்டாச்சு, நோட்டீஸ் வந்தாச்சு, இன்னும் ஒத்துவரல. அடுத்து? சண்டை எந்த மாதிரிங்கிறதைப் பொறுத்து வழி மாறும்.

மனசு கசந்து போயிருக்கு, ஆனா பேசினாத் தீரும்னு தோணுதுன்னா மீடியேஷன். ரெண்டு தரப்பும் சம்மதிச்சாத்தான் நடக்கும், செலவு மாநிலத்தோடது, நடுவுல உக்கார்றவர் டிஸ்ட்ரிக்ட் ஆளா இருக்க மாட்டார். அங்க பேசினதைப் பின்னாடி ஹியரிங்ல சாட்சியா யாரும் பயன்படுத்த முடியாது, அதனால மனசு விட்டுப் பேசலாம். முடிவு எழுத்துல வந்து ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா அது கோர்ட்ல செல்லும். ஆனா அங்கயே அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீங்க, யார், எந்தத் தேதியில இருந்து, வாரத்துக்கு எத்தனை நிமிஷம்னு தெளிவா எழுதியிருக்கான்னு பாருங்க, "தேவைக்கேற்ப"ன்னு ஒரு வார்த்தை இருந்தா அதை எடுக்கச் சொல்லுங்க. நிறைய மாநிலங்கள்ல இதுக்கும் முன்னாடி, ஐஇபி மீட்டிங்கையே நடத்திக் குடுக்க வெளியில இருந்து ஒரு ஃபெசிலிடேட்டரைச் செலவில்லாம அனுப்புறாங்க, மீட்டிங்ல எட்டுப் பேர் ஒரு பக்கம் நீங்க ரெண்டு பேர் ஒரு பக்கம்னு இருக்கிறப்ப அது பெரிய ஆறுதல்.

ஐஇபில எழுதியிருக்கு, ஆனா குடுக்கல. இந்த மாதிரி சண்டைக்கு ஸ்டேட் கம்ப்ளைண்ட் மாதிரி ஒரு ஆயுதம் வேற இல்ல, ஆனா நம்ம ஆட்கள்ல இதைக் கேள்விப்பட்டவங்களே கம்மி. மாநிலக் கல்வித் துறைக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதலாம், லாயர் தேவையில்ல, கட்டணம் இல்ல. எந்த விதி மீறப்பட்டுச்சு, என்ன நடந்துச்சு, எப்படிச் சரி பண்ணணும்னு நீங்க நினைக்கிறீங்க, இதை எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு காப்பியை டிஸ்ட்ரிக்டுக்கும் அனுப்பணும். நடந்து ஒரு வருஷத்துக்குள்ள குடுக்கணும். துறை விசாரிச்சு 60 நாளுக்குள்ள எழுத்துல முடிவு சொல்லணும், தப்புன்னு தெரிஞ்சா விட்டுப்போன தெரபியை ஈடுகட்டிக் குடுக்கச் சொல்லி உத்தரவு போடலாம். ஜனவரியில தெரபிஸ்ட் வேலையை விட்டுப் போயி மே வரைக்கும் ஆள் வரலன்னா, அந்த மாசங்களுக்கான நிமிஷத்தைக் கணக்குப் போட்டுக் கேளுங்க. இது கேக்கக் கூடிய, கிடைக்கக் கூடிய விஷயம். உங்க பிள்ளைக்கு மட்டும் இல்லாம அந்த ஸ்கூல்ல எல்லாப் பிள்ளைங்களுக்கும் நடக்கிற தப்புக்கும் இதுல கம்ப்ளைண்ட் குடுக்கலாம்.

டெக்சஸ்ல நடந்ததை இங்க சொன்னாத்தான் மாநிலம், மத்திய அரசுங்கிற மேல்மட்டம் ஏன் முக்கியம்னு புரியும். 2004ல இருந்து அந்த மாநிலக் கல்வித் துறை, மொத்த மாணவர்கள்ல 8.5 சதவீதத்துக்கு மேல ஸ்பெஷல் எட்ல இருந்தா டிஸ்ட்ரிக்டைக் கேள்வி கேக்கிற மாதிரி ஒரு கணக்கு வச்சிருந்துச்சு. தகுதி இருந்தும் எத்தனையோ பிள்ளைங்க வெளியில நின்னாங்க. 2016ல ஹூஸ்டன் க்ரானிக்கிள் பத்திரிகை இதை வெளிய கொண்டுவந்துச்சு, 2018ல மத்தியக் கல்வித் துறை டெக்சஸ் சட்டத்தை மீறியிருக்குன்னு சொல்லிடுச்சு. "உங்க பிள்ளைக்குத் தகுதி இல்ல"ன்னு அந்த வருஷங்கள்ல அங்க கேட்ட பதில் எல்லாமே பிள்ளையைப் பாத்துச் சொன்ன பதில் இல்லைன்னு நினைக்கிறப்ப வயிறு எரியுது.

கடைசியா டியூ ப்ராசஸ் ஹியரிங். இது கோர்ட் மாதிரிதான், சாட்சி, குறுக்கு விசாரணை, எழுத்துல தீர்ப்பு. பிரச்சினை தெரிஞ்ச நாள்ல இருந்து பொதுவா ரெண்டு வருஷத்துக்குள்ள கேக்கணும். கேட்டதும் 15 நாளுக்குள்ள டிஸ்ட்ரிக்ட் ஒரு ரெசல்யூஷன் மீட்டிங் கூட்டணும், முடிவெடுக்க அதிகாரம் இருக்கிற ஒருத்தர் அதுல இருக்கணும், நீங்க லாயரைக் கூட்டிட்டு வரலைன்னா அவங்களும் கூட்டிட்டு வரக்கூடாது. அங்க ஒப்பந்தம் போட்டா மூணு வேலை நாளுக்குள்ள மனசு மாறி ரத்து பண்ணவும் இடம் இருக்கு. 30 நாள்ல தீரலைன்னா ஹியரிங், அதுக்கப்புறம் 45 நாள்ல தீர்ப்பு, நடைமுறையில தேதி தள்ளிப்போறது சகஜம். சாட்சிக் காகிதம் எல்லாம் அஞ்சு வேலை நாள் முன்னாடியே எதிர்த்தரப்புக்குக் குடுத்துடணும், விட்டுட்டா அதைச் சேர்க்கவிடாம தடுத்துடுவாங்க. 2005ல ஷாஃபர் வழக்குல, கேஸ் போட்டவங்கதான் நிரூபிக்கணும்னு சுப்ரீம் கோர்ட் சொன்னதால பெரும்பாலான மாநிலங்கள்ல பாரம் பெத்தவங்க தலையில. நியூயார்க்கும் நியூஜெர்சியும் தனிச் சட்டம் போட்டு அதை டிஸ்ட்ரிக்ட் பக்கம் மாத்திட்டாங்க. ஜெயிச்சா லாயர் ஃபீஸை டிஸ்ட்ரிக்ட் கிட்ட கேக்கலாம், ஆனா எக்ஸ்பர்ட்டுக்குக் குடுத்த காசு வராது.

தனியா வாதாடச் சட்டம் அனுமதிக்குது, இருந்தாலும் பிள்ளையை எந்த ஸ்கூல்ல வைக்கிறது மாதிரி பெரிய விஷயத்துக்கு லாயர் இல்லாம ஹியரிங் போக வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன். எதிர்ல உக்கார்ற டிஸ்ட்ரிக்ட் லாயர் இதையே தொழிலா பண்றவர்.

டியூ ப்ராசஸ்ல ஒரு பெரிய பாதுகாப்பு இருக்கு, ஸ்டே புட்னு சொல்லுவாங்க. கேஸ் முடியற வரைக்கும் பிள்ளை இப்ப இருக்கிற இடத்துலயே, இப்ப கிடைக்கிற சர்வீஸோடயே இருக்கும். நம்ம உதாரணப் பொண்ணுக்கு அந்த 60 நிமிஷம் தொடரும். ஆனா மாத்தம் அமலுக்கு வர்றதுக்கு முன்னாடியே ஃபைல் பண்ணணும், தாமதிச்சா அந்த 30 நிமிஷமே "இப்ப இருக்கிறது"ன்னு ஆயிடும். ஸ்டேட் கம்ப்ளைண்ட்டுக்கு மத்தியச் சட்டத்துல இந்தப் பாதுகாப்பு இல்ல, அதனால குறைக்கிறதையோ மாத்துறதையோ தடுக்கணும்னா எந்தக் கதவைத் தட்டுறோம்கிறது ரொம்ப முக்கியம். இதே மாதிரி, பிள்ளையைத் தனியார் ஸ்கூல்ல சேர்த்துட்டுக் காசைக் கேக்கிற யோசனை இருந்தா, கடைசி ஐஇபி மீட்டிங்லயாவது, இல்ல பிள்ளையை எடுக்கிறதுக்குப் பத்து வேலை நாள் முன்னாடி எழுத்துலயாவது டிஸ்ட்ரிக்ட் கிட்ட சொல்லிடணும், சொல்லாம எடுத்துட்டா காசு குறையலாம், கிடைக்காமலே போகலாம்.

இதெல்லாம் ஒருத்தரே படிச்சு முடிக்கிறது கஷ்டம். ஒவ்வொரு மாநிலத்துலயும் மத்திய அரசு நிதியில நடக்கிற பேரண்ட் டிரெயினிங் அண்ட் இன்ஃபர்மேஷன் சென்டர் ஒண்ணாவது இருக்கு, நியூஜெர்சியில ஸ்பான், டெக்சஸ்ல பார்ட்னர்ஸ் ரிசோர்ஸ் நெட்வொர்க். ஃபோன் பண்ணினா பெரும்பாலும் எடுக்கிறவங்களே டிஸபிலிட்டி இருக்கிற பிள்ளையோட அம்மாவோ அப்பாவோதான், உங்க ஐஇபியைக் கையில வச்சுக்கிட்டுப் பேசுங்க, காசு கேக்க மாட்டாங்க. பிள்ளையோட ஃபைலையும் ஸ்கூல் கிட்ட கேட்டுப் பாருங்க, ரெக்கார்ட்ஸ் பாக்கிற உரிமை உங்களுக்கு உண்டு, கேட்ட 45 நாளுக்குள்ள காட்டணும், நடுவுல ஐஇபி மீட்டிங் வந்தா அதுக்கு முன்னாடியே காட்டணும்.

எந்த வழியில போய் ஒத்துவந்தாலும், அதை ஐஇபிலயே திருத்தி எழுதி வாங்குங்க, தனிக் கடிதத்துல மட்டும் இருந்தா அடுத்த வருஷம் டீச்சர் மாறினதும் அது யார் கண்ணுலயும் படாது. மாசா மாசம் சர்வீஸ் லாக் கேளுங்க, தேதி, எத்தனை நிமிஷம், யார் எடுத்தாங்கன்னு அதுல இருக்கும். ஐஇபில 60 இருந்து லாக்ல 40 இருந்தா, அந்த வாரமே ரெண்டு வரி ஈமெயில் போடுங்க, அந்த 20 நிமிஷத்தை எந்தத் தேதியில ஈடுகட்டப் போறீங்கன்னு.